காலிப் பெட்டியின் எடை

மெத்தை சூடாக இருந்தது.

நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, பனியில் நனைந்த மாடிப்படியைப் பார்த்துப் பார்த்து ஏறி, பூட்டைத் திறந்து, முகம்கூடக் கழுவாமல் கட்டிலில் கையை ஊன்றிய பொற்கொடிக்கு முதலில் அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். பிறகுதான் வெயிலே இன்னும் வரவில்லை என்பது உறைத்தது. கார்த்திகை மாதத்து ஓசூர்க் குளிரில் கதவு, ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குடம், தரை எல்லாம் சில்லிட்டுக் கிடக்க, இலவம்பஞ்சு மெத்தையின் நடுவில் மட்டும் யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு இருந்தது. சூட்டோடு ஒரு பள்ளமும் இருந்தது.

அவள் அந்தப் பள்ளத்தில் படுத்துப் பார்த்தாள். பெரியதாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் மிஞ்சியது. தீபாவளி வரைக்கும் தான் படுத்து எழுந்தால் விழுந்த பள்ளம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. பழைய பஞ்சு, அமுங்கினது அமுங்கினபடி கிடக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தூங்கிப்போனாள். பஞ்சு பழசு, சரி. சூடு எப்படிப் பழசாக இருக்கும் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நாராயணம்மா வீட்டு மாடியில் ஒரு ரூமும் ஒரு சமையலறையும். கூட இருக்கும் சுஹைனா அக்கா கிருஷ்ணகிரிக்காரி. அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் சூப்பர்வைசர். விடியுமுன் வேன் ஏறினால், எல்லை நெரிசலில் மாட்டி, பொற்கொடி நைட் ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகுதான் திரும்புவாள். ஆளுக்கு ஒரு சாவி. ஞாயிற்றுக்கிழமைதான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பது.

பொற்கொடி ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். சிப்காட்டில் போல்ட்டும் வாஷரும் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் வேலை. காவேரிப்பட்டினத்து மணிவேலோடு தையில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மணிவேல் கெட்டவன் இல்லை. நிச்சயதார்த்த போட்டோக்கள் வந்த அன்றைக்குப் போனில், கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் குறைச்சுக்கிட்டா ஆல்பம் நல்லா வரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு அது ஒரு பேச்சு. சொன்ன மறுநிமிஷம் மறந்திருப்பான். அவள் அன்றைக்கே சோற்றை நிறுத்தினாள்.

சோற்றை மட்டுமல்ல. போன் வீடியோவில் ஒரு பெண் சொன்னபடி, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர், எலுமிச்சை, மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், அவ்வளவுதான். கேன்டீனில் தட்டு எடுக்காமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொள்வாள். சமைக்காததால் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பதும் நின்றது. முதல் சில நாள் காக்கைகள் வந்து கத்திவிட்டுப் போயின.

சுஹைனா அக்காவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. அவளுக்கே ஒரு காலத்தில் சுகர் வரும்போல இருந்து, டாக்டர் மிரட்டி, பதறாமல் எடையைக் குறைத்தவள் அவள். காலையில் களி உருண்டை ஒன்று, கொள்ளுப் பருப்பு, கீரைக் கடைசல், ராத்திரி வேன் விட்டு இறங்கினதும் லேஅவுட்டைச் சுற்றி ஒரு நடை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனால் இறங்கின எடை திரும்ப ஏறவே இல்லை.

"உடம்பு என்ன மோட்டாராடி, சுவிட்ச அமுக்கினதும் நிக்கறதுக்கு?" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "மெதுவா கொற. சாப்ட்டுக்கினே கொற. பட்டினி போட்டா அது போறது மாதிரி போயி, வேற வழியா உள்ள வந்துடும்."

தை வரைக்கும்தானே அக்கா என்று பொற்கொடி சிரித்தாள். ஒரு வருஷம் காத்திருக்க அவளுக்கு ஏது பொறுமை?

அவள் செய்த இன்னொரு காரியம் சுஹைனாவுக்குத் தெரியாது. அதை டெஸ்பாட்சில் வேலை செய்கிறவள்தான் செய்திருக்க முடியும்.

போல்ட்டை யாரும் ஒன்று இரண்டு என்று எண்ணுவதில்லை. எடை போட்டுத்தான் கணக்கு. முதலில் காலிப் பெட்டியை எடை மேடையில் வைத்து 'டேர்' பட்டனை அழுத்தினால், பெட்டியின் எடையை மெஷின் தள்ளிவிட்டு பூஜ்யம் காட்டும். அதற்கு மேல் போடுவதுதான் சரக்கு. ஒவ்வொரு ரகப் பெட்டிக்கும் ஒரு பட்டனில் காலி எடையைப் பதிந்து வைத்திருப்பார்கள். ஒரு பட்டன் சும்மா கிடந்தது. பட்டினி தொடங்கிய அன்றைக்குப் பொற்கொடி யாரும் பார்க்காதபோது மேடையில் ஏறி நின்று, அந்தப் பட்டனில் தன்னைப் பதிந்துகொண்டாள். தன் முழு உடம்பையும், ஒரு காலிப் பெட்டியாக.

அதன் பிறகு தினமும் ஏறி நின்று அந்தப் பட்டனை அழுத்தினால் எவ்வளவு குறைந்திருக்கிறாள் என்பது மட்டும் மைனஸில் வரும். அந்த மைனஸ் வளர வளர அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. சூப்பரா இளைச்சிட்டே என்று லைனில் இருந்தவர்கள் சொன்னார்கள். டெஸ்பாட்சில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை அவள் யோசிக்கவில்லை. வெளியே போன பெட்டி காலியாகத் திரும்பி வரும். வருவது நிரப்பிக்கொள்ளத்தான்.

சூடான மெத்தைக்குப் பிறகு அவளுடைய தட்டு ஈரமாக இருக்கத் தொடங்கியது. வாரக்கணக்கில் கை படாத எவர்சில்வர் தட்டு, அடியில் பெயர் வெட்டியது, காலையில் வந்து பார்த்தால் கழுவிக் கவிழ்த்திருக்கும். விளிம்பில் சொட்டுத் தண்ணீர் நிற்கும். சுஹைனா அக்கா எடுத்திருப்பாள் என்று நினைத்தாள். அக்காவின் தட்டும் பக்கத்திலேயே ஈரமாகக் கவிழ்ந்திருந்ததை அவள் கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. சமையலறையில் தாளித்த பூண்டின் வாசனை கனமாகத் தொங்கும். பசி வயிற்றிலிருந்து தொண்டைக்கு ஏறும். தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

ஒருநாள் படியேறும்போது கீழ்வீட்டு நாராயணம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, ராத்திரியில் கொஞ்சம் மெதுவாக நடக்கச் சொன்னாள். தன் வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடுகிறதாம், குதிகால் தரையில் இறங்குகிற சத்தம் கூரையையே ஆட்டுகிறதாம். அது சுஹைனா அக்காவாக இருக்கும் என்றாள் பொற்கொடி. நாராயணம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அவ பூனை மாதிரி நடப்பா. இது உன் நடை. நீ குடி வந்த நாள்லேர்ந்து கேக்கற நடைதானம்மா."

தரை அதிர நடக்கிறாள் என்று அம்மாவும்தான் சின்ன வயதிலிருந்து திட்டுவாள். ஆனால் இப்போது அவள் நடந்தால் சத்தமே வருவதில்லை. அன்றைக்குப் படியில் கவனித்துக் கவனித்து ஏறினாள். செருப்பு படிக்கட்டில் படுகிற ஓசைகூடக் கேட்கவில்லை. இளைத்ததன் லாபம் என்று நேற்று வரை நினைத்திருந்தவள் இன்று பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

அன்று பகல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஜன்னலை அடைத்திருந்தும் வெளிச்சம் ஓரங்களில் கசிந்தது; தூரத்தில் ரிங் ரோட்டு லாரிகளின் இரைச்சல், கீழே மிக்ஸி, எங்கோ ஒரு பால் வண்டியின் ஹாரன், இவற்றுக்கெல்லாம் அடியில், சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து, ஒரு மெல்லிய சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது. எலி என்று நினைத்தாள். எலி இவ்வளவு நிதானமாகக் கடிக்காது. யாரோ மெல்லுகிறார்கள். வாயை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல், ஒரு வாய் முடிந்து அடுத்த வாய் எடுக்கும் இடைவெளிவிட்டு.

ஒவ்வொரு மெல்லலுக்கும் ஒரு 'டக்'.

பொற்கொடி தன் தாடையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பம்புசெட் மேட்டிலிருந்து விழுந்ததில் அவளுடைய இடது தாடை கொஞ்சம் பிசகி, எதை மென்றாலும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவள் வாய் இப்போது மூடியிருந்தது. கை தாடைமேல் இருந்தது. தாடை அசையவில்லை.

டக். டக்.

எழுந்து போய்த் திரையை விலக்கினாள். யாரும் இல்லை. தரையில் ஒரு சோற்றுப் பருக்கை. மிதித்து நசுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சுஹைனா அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவோ சந்தோஷமாக இருந்தாள். களி கிண்டிக்கொண்டே, ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று மெச்சினாள். எதற்கு என்று பொற்கொடி கேட்டாள்.

"எதுக்கா? இந்த வாரம் பூரா ராத்திரி என்கூடத்தானே உக்காந்து சாப்ட்டே."

அடுப்பின் நீலச் சுடரைப் பார்த்துக்கொண்டே நின்றாள் பொற்கொடி. "நான் டூட்டில இருந்தேன்க்கா," என்றாள்.

சுஹைனா களித் துடுப்பை நிறுத்தாமல் சிரித்தாள். முடியாமல் டூட்டிக்கு மட்டம் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறாள் என்று தனக்குத் தெரியும், யாரிடமும் சொல்லமாட்டேன், பயப்படாதே என்றாள். கல்யாணப் பெண் கொஞ்சம் மட்டம் போட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது?

"நான் ஏதாச்சும் பேசினேனா?"

"எங்க பேசினே. வந்து உக்காந்தே, தட்ட நீட்டினே, நான் வெச்சேன். பசியில இருக்கறவ எங்க பேசுவா?"

"எப்படி இருந்தேன்க்கா?"

இப்போதுதான் சுஹைனா திரும்பி அவளைப் பார்த்தாள். சிரிப்பு குறைந்தது. களியின் ஆவி கண்ணில் அடிக்கிறது என்றோ என்னவோ முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ராத்திரில நல்லாத்தான் இருக்கே. பழையபடி. பகல்ல பாத்தாதான் இப்படித் தெரியற."

பொற்கொடிக்கு அந்த நிமிஷம் கல்யாணம், ஆல்பம், மணிவேல் எதுவும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. தன் உடம்பு தனக்கு வேண்டும். எவ்வளவு பெரிய உடம்பாக இருந்தாலும் சரி, தரை அதிர நடக்கிற உடம்பாக இருந்தாலும் சரி, அது வேறு எவளுக்கோ போகக் கூடாது. எனக்கும் வைக்கா என்று தட்டை எடுத்து உட்கார்ந்தாள். சுஹைனாவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சின்ன உருண்டையாக எடு, அவசரப்படாதே, நாளைக்கும் சாப்பிடு, நாளன்னைக்கும் சாப்பிடு, இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு என்று சொல்லிக்கொண்டே கீரைக் கடைசலை ஊற்றினாள்.

பொற்கொடி சாப்பிட்டாள். களி நாக்கில் பட்டது, தொண்டையில் இறங்கியது, அதற்கப்புறம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டாவது உருண்டையும் கேட்டு வாங்கினாள். மூன்றாவதும். வயிறு ஒட்டியபடியே இருந்தது. ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதுபோல இருந்தது. பசி ஒரு மயிரளவும் குறையவில்லை.

ரூமுக்குள், அவளுடைய கட்டிலிலிருந்து, நிறைவாக ஓர் ஏப்பம் கேட்டது.

சுஹைனா தலைகூடத் திருப்பவில்லை. பார்த்தியா, நல்லா சாப்ட்டா ஏப்பம் எப்படி வருது என்றாள், எதிரில் இருந்தவளைப் பார்த்து.

அந்தப் பட்டன்தான் காரணம் என்று பொற்கொடிக்குப் பட்டது. அதை அழித்துவிட்டால் போதும். ஆனால் டெஸ்பாட்சில் அந்த வாரம் லோடுமேல் லோடு. மெஷின் பக்கம் எப்போதும் யாராவது இருந்தார்கள். தினமும் வீட்டுக்கு வந்தால் மெத்தை சூடு. தட்டு ஈரம். பீரோவில் நிச்சயதார்த்த ரவிக்கை, அவளுக்குத் தொளதொளத்துப் போய் மடித்து வைத்தது, அக்குளில் புது வேர்வையோடு கிடந்தது. கைப்பிடிச் சுவரில் காக்கைக்கு வைத்த சோற்றின் காய்ந்த அடையாளம். அவள் வைக்கவில்லை.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து, விடிந்து, எல்லோரும் பஸ்ஸுக்குப் போனபிறகு அவள் பின்தங்கினாள். கூரைத் தகட்டின் இடுக்கில் வெளிச்சம் வந்திருந்தது. எண்ணெய் நாற்றம். சுவரோரம் திரும்பி வந்த காலிப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக. எடை மேடை காலியாக இருந்தது. ஒரு திருகாணிகூட அதன்மேல் இல்லை.

பட்டனை அழுத்தினாள்.

மேடை காலியாக இருக்கும்போது அழுத்தினால், பதிந்து வைத்த பழைய எடை முழுக்க மைனஸில் வர வேண்டும். அதுதான் கணக்கு.

பூஜ்யம் வந்தது.

அணைத்துப் போட்டாள். மறுபடி அழுத்தினாள். பூஜ்யம். அந்தப் பெட்டி மேடையில்தான் இருக்கிறது என்றது மெஷின்.

மேடையில் யாரும் இல்லை.

அவள் ஒரு காலை வைத்தாள். எண் அசையவில்லை. இரண்டு காலையும் வைத்தாள். அசையவில்லை. குதித்தாள். எம்பி எம்பிக் குதித்தாள். தகரம் ஒரு சத்தம் போடவில்லை. பூஜ்யம். எடை என்று அவளிடம் ஒன்றும் இல்லை. பட்டனை அழிக்க விரலை வைத்தாள். விரல் பட்டது, பட்டன் அமுங்கவில்லை. முதலில் லேசாக, பிறகு கட்டை விரலால், பிறகு உள்ளங்கையால். சற்றுமுன் அமுங்கியது. இப்போது அமுங்கவில்லை.

வெளியே பஸ் கிளம்பும் ஹாரன். அவள் ஓடினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு பெண் வந்து, அவள் உட்கார்ந்திருந்த சீட்டில் டிபன் பையை வைத்தாள். பை அவளுடைய மடியில் இல்லை. சீட்டில் இருந்தது. பொற்கொடி கத்தினாள். யாரும் திரும்பவில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

படியேறும்போது நாராயணம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பொற்கொடியின் காலில் விழுந்து, காலைத் தாண்டி, தரையில் விழுந்தது.

மாடியில் கதவு சாத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, சுஹைனா அக்கா வீட்டில்தான் இருப்பாள். சாவி கைப்பையில் இருந்தது. எடுக்க முடியவில்லை. கதவைத் தட்டினாள். ஓசை எழவில்லை. கைப்பிடிச் சுவரோரமாக நகர்ந்து சமையலறை ஜன்னலுக்குப் போனாள்.

சுஹைனா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒருத்தி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி. அகலமான முதுகு. நிச்சயதார்த்த ரவிக்கை அதில் பிடித்துப் பொருந்தியிருந்தது. ஈரத் தலைமுடி. முன்னால் பெயர் வெட்டிய தட்டு. சின்ன உருண்டையாக எடுத்து, குழியாக்கி, கீரையில் தோய்த்து, அவசரமே இல்லாமல்.

டக்.

"இப்படித்தாண்டி சாப்டணும்," என்றாள் சுஹைனா. குரலில் அப்படி ஒரு நிம்மதி. "தை போனாலும் இதை விட்ராத. உனக்கு என்ன கொறச்சல்?"

போன் அடித்தது. பொற்கொடியின் போன். அது அவள் பையில் இருக்க வேண்டியது. தட்டுக்குப் பக்கத்தில் அடித்தது. ஈரக் கை அதை எடுத்துக் காதில் வைத்தது.

"ஆச்சுங்க," என்றது பொற்கொடியின் குரல். "நான் சாப்ட்டேன். நீங்க சாப்ட்டீங்களா?"

அக்கா என்று கத்தினாள். அக்கா. அக்கா. வாய் திறந்தது. சுஹைனா கொள்ளுப் பருப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தட்டு காலியானது. அது எழுந்தது. நடந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. கொழுகொழுவென்ற கன்னம். நல்ல நிறம். கையில் ஒரு பிடி சோறு. பொற்கொடியை நேராகப் பார்த்தது. அடையாளம் தெரிந்த பார்வை. அவள் நின்ற இடத்திலேயே, கைப்பிடிச் சுவரில், சோற்றை வைத்தது.

"கா, கா," என்று கூப்பிட்டது.

திரும்பி உள்ளே போனது. கதவைச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

சோற்றில் ஆவி பறந்தது. பூண்டு வாசனை. பொற்கொடி இரண்டு கையாலும் அள்ளினாள். ஒரு பருக்கைகூட வரவில்லை. குனிந்து வாயை வைத்தாள். வரவில்லை.

காக்கை வந்தது. சுவரில் உட்கார்ந்தது. அவள் கை இருந்த இடத்தில்தான் உட்கார்ந்தது. அந்தக் கைக்குள்ளாகவே கொத்தித் தின்றது.

வலிக்கவில்லை. பசித்தது.